கழுத்துப் பட்டையின் உள்பக்கம்

மே 3, சனி

காலை ஏழு மணிக்கே மண்டை பிளக்கும் வெயில். அக்னி நட்சத்திரம் நாளைக்குத்தான் தொடக்கமாம். கடை வாசலில் தெளித்த தண்ணீர், ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

இன்று உடைந்த ஊசி மூன்று. கால் மெஷின் பாவம், ஜாக்கெட் தைக்கப் பிறந்தது. எருமைத் தோலை மூன்று அடுக்காக அதன் வாயில் திணித்தால் என்ன செய்யும்? சக்கரம் நின்றுவிட்டது, பெல்ட் மட்டும் வழுக்கிச் சுற்றியது. கடைசி ஊசியின் முனை எங்கே தெறித்தது என்றே தெரியவில்லை. கண்ணில் விழவில்லை, பெருமாள் புண்ணியம்.

ஆக மறுபடியும் கைவேலைதான். குத்தூசியால் துளை போட்டு, இரண்டு பக்கமும் ஊசி விட்டு, மெழுகு நூலை இழுத்து இழுத்து. வலது கட்டைவிரல் நுனியில் உணர்ச்சி இல்லை. ஒரு மாதமாக இப்படித்தான். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் "அப்ப விட்ரு" என்பார்கள்.

மத்தியானம் கருப்பையா அய்யா வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம், வண்டிப் பந்தயக்காரர், பெரிய மாட்டு ஜோடி வைத்திருக்கிறார். ஜோடிக்குப் பட்டை வேண்டுமாம். நுகத்தடியோடு காளையின் கழுத்தைச் சேர்த்துப் பிடிக்கிற பட்டை. போன பந்தயத்தில் வெளியூர்ப் பட்டை செவலைக் காளையின் கழுத்தை அறுத்துவிட்டது என்று போனில் படம் காட்டினார். ரோமம் போய், தோல் உரிந்து, செக்கச்செவேல் என்று.

"டெய்லரம்மா, வெளிய எப்படி மினுக்குனாலும் எனக்குக் கவலையில்ல. எம்மாட்டுக் கழுத்துல கீறல் விழுகக் கூடாது. விழுந்துச்சு, இந்தச் சுத்துப்பட்டுல ஒரு பந்தயக்காரனும் ஒங்க கடைப்பக்கம் எட்டிப் பாக்கமாட்டான். விழுகலையா, அம்புட்டுப் பேரும் இங்கனதான் வருவான்."

"விழுகாதுங்கய்யா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜூன் 1 பந்தயம். அவர் தெருமுனை தாண்டியதும் கலா கேட்டாள், "அக்கா, என்னத்தில தைக்கப் போறீங்கள்?" மண்டபம் அகதி முகாமிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து என்னோடு தைக்கிறவள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் முகாமில்தான், பேச்சு மட்டும் அவள் அம்மாவின் ஊர்ப் பேச்சு. நல்ல கேள்வியை நேரம் பார்த்துக் கேட்பாள்.

கையால் என்றால் இந்த விரலோடு முடியாது. மெஷின் வாங்க வேண்டியதுதான். எப்படிப்பட்டது:

– மூன்று அடுக்குத் தோலைத் திணறாமல் தைக்க வேண்டும்
– மெதுவாகப் போக வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும்
– மேல்தையல் போலவே கீழ்த்தையலும் இருக்க வேண்டும்
– சீட்டு எடுத்த பணத்துக்குள் அடங்க வேண்டும்

கடைசியில் இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பார் இவர், என் வீட்டுக்காரர். அதனால்தான் கடைசியில் எழுதினேன்.

மே 5, திங்கள்

ராமநாதபுரம். தையல் மெஷின் கடை. நான், இவர், பையில் என்னுடைய சொந்தத் தோல் துண்டு: மூன்று அடுக்கு, ஓரம் சீவி ஒட்டியது. கடைக்காரர் தன் துண்டில்தான் மெஷினை ஓட்டிக் காட்டுவார், கல்யாணத் தரகர் படம் காட்டுகிற மாதிரி. நம்ம துண்டில் ஓட்டச் சொன்னால்தான் நிஜம் தெரியும்.

புது மெஷின். ஜீன்ஸ் பேன்ட்டுக்கானது. "லெதரும் ஓடும்மா, ஷோக்கா ஓடும்" என்றார். பெடலைத் தொட்டார். கடகடவென்று ஒரு முழம் போய்விட்டது, அவர் காலை எடுத்த பிறகும் இன்னும் நாலு தையல் போனது. மோட்டார் அப்படி. அதில் நான் வளைவு திருப்பினால் பட்டையோடு விரலும் சேரும்.

மேல்பக்கம் அழகு. மறுக்க மாட்டேன். முத்துக் கோத்த மாதிரிதான் இருந்தது. திருப்பினேன். அடியில் பல் கடித்த தடம், வரிசையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. துணியை நகர்த்துகிற இரும்புப் பல். துணியில் தெரியாது, தோலில் பதிந்தால் போகாது. அந்தப் பக்கம்தான் காளையின் கழுத்தில் உட்காரும். விரலால் தடவினேன், அரம் போலச் சொரசொரப்பு.

"கீழ்ப் பக்கம் யாருக்கும்மா தெரியப்போகுது?"

"மாட்டுக்குத் தெரியும்ல."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார், ஆனால் ஃபேனை நிறுத்திவிட்டார். தலைகீழாக வைத்துத் தைக்கலாமே என்று ஒரு யோசனை வேறு. அப்போது வெளிப்பக்கம் கடிபடும், கருப்பையா அய்யா என்னைக் கடிப்பார்.

வரும் வழியில் சர்பத். இவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "புதுசு வேணாம்ங்கிற, எதத்தான் வாங்கப்போற?" ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மே 6, செவ்வாய்

வீட்டில் தேங்காய் இல்லை, வெறும் ரசம்.

சாயங்காலம் இவருடைய அண்ணன் கடைக்கு வந்தார், மகள் வீட்டு விசேஷத்துக்குச் சொல்ல. உள்ளே வரமாட்டார், ஷட்டர் கோட்டில்தான் நிற்பார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. மேஜை ஓரத்திலிருந்து தோல் துண்டு ஒன்று சரிந்தது, சட்டென்று கை நீட்டிப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் என்னவென்று பார்த்தார். தரையில் போட்டார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து தாயி."

முழங்கை வரை கழுவினார். நான்தான் செம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். கழுவிக்கொண்டே பேச்சு: "ஜாக்கெட் தச்சமா, இருந்தமான்னு இல்லாம, நம்ம வீட்டுப் பொம்பளைக்கு இந்தத் தோலு வேலை எதுக்குத் தாயி? நாலு பேரு கேக்குறான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை அவர் காலில் ஊற்றினேன். "அத்தான், செருப்பும் தோலுதான். அதையும் கழுவிருவோம்."

பக்கத்தில் நின்ற இவருக்குத் திடீரென்று இருமல். கலா உள்ளே ஓடிவிட்டாள். அத்தான் நனைந்த செருப்போடு சைக்கிளை எடுத்தார். கோபம்தான், ஆனால் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. இந்தக் கை தைத்ததைத் தொட்டால் கழுவ வேண்டுமாம். அவர் வீட்டுப் பெண்கள் போடும் ஜாக்கெட் எல்லாம் இதே கை தைத்ததுதான்.

மே 8, வியாழன்

இவர் இரண்டு நாளாகப் போனில் வீடியோ பார்க்கிறார். கையால் சுற்றுகிற சின்ன மெஷின், செருப்புத் தைப்பது. விலை குறைவு, கரண்ட் வேண்டாம். "இதப் பாரு, மலிவு, சிமெண்ட் மூட்டையக்கூடத் தைக்குது." சிமெண்ட் மூட்டை பந்தயத்துக்குப் போகாது என்றேன்.

ஆனாலும் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது. ரா.புரம் பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் அதே மெஷின் இருக்கிறது. கேட்டதும் எழுந்து இடம் கொடுத்தார். நல்ல மனுஷன். அரை மணி நேரம் சுற்றினேன். செருப்புக்குச் சரியான சாமான், சின்ன வளைவுக்குள்ளெல்லாம் புகுந்து வருகிறது. ஆனால் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடுகிறது. மிச்சம் ஒற்றைக் கையால் அத்தனை நீளப் பட்டையை நேர்கோட்டில் ஓட்ட முடியவில்லை. என் தையல் குடித்தவன் நடை போட்டது.

அவரே சொன்னார், "இது உங்க வேலைக்கு ஆகாதுக்கா. தொண்டில காதர் பாய்னு ஒருத்தரு, படகுக்குத் தார்ப்பாயி, ஜீப்புக்கு மேக்கூரை தைக்கிறவரு. அவருகிட்ட வாக்கிங் ஃபுட் மெஷின் ஒண்ணு சும்மா கெடக்கு. நீளக்கை மெஷின் புதுசா வாங்கிட்டாராம், இதுக்கு எடமில்லையாம்."

வாக்கிங் ஃபுட் என்றால் மேலே அழுத்துகிற பாதமும் ஊசியும் தோலோடு சேர்ந்தே நடக்கும். கீழே பல் பலமாகக் கடிக்க வேண்டியதில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. கூலி வாங்காமல் அரை மணி நேரம் இடத்தை விட்டுக் கொடுத்த அந்த அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே 9, வெள்ளி

மேற்கிலிருந்து கச்சான் காற்று, ஒரே மணல். நாளை தொண்டி.

கலாவுக்கு நாளை முகாமில் தணிக்கை, ஆள் நேரில் நிற்க வேண்டும். வர முடியாது. "நீங்க தனியவோ போறீங்கள்? கவனமாப் பாருங்கோ அக்கா, உங்கட வாயையும் சேர்த்து" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கொழுப்பு.

தோல் துண்டு தயார். ஊசி தயார். நூலும் நம்முடையதுதான். நைலான் நூல் உருளை முழுவதையும் பிரித்து, தேன்மெழுகில் இழுத்து, மறுபடி சுற்றினேன். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அதுதான் வேலை. மெழுகு ஏறாத நூலால் நான் தோலைத் தொட்டதே இல்லை.

மே 10, சனி

தொண்டி. போகவர அரை நாள். வெறுங்கையோடு திரும்பினேன்.

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில். அதனால் பாய் கடையில் தார்ப்பாய் குவிந்து கிடந்தது. எதிரே டீக்கடை, கடலுக்குப் போகாதவர்கள் அத்தனை பேரும் அங்கே. ஒரு பொம்பளை மெஷின் வாங்க வந்திருக்கிறாள் என்றதும் டீயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

மெஷின் வெளியே துரு, உப்புக் காற்று. தார்ப்பாய் உறையைக் கழற்றி ஊசித் தண்டைப் பார்த்தேன், பளபள. எண்ணெய் சுத்தம். மோட்டார் புது மாதிரி, ஒரு தையல் என்றால் ஒரு தையலில் நிற்கிறது. கீழ்ப் பல்லை அரத்தால் மழுக்கி வைத்திருக்கிறார். "தார்ப்பாயக் கடிச்சா ஓட்ட விழுந்து மழத்தண்ணி எறங்கும்லம்மா" என்றார். அந்த இடத்தில் மனுஷனைப் பிடித்துவிட்டது. அடிப்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற இன்னொரு ஆள்.

பிஸ்மி சொல்லி எழுந்து எனக்கு இடம் விட்டார். என் நூலைப் போட்டேன், பாபினிலும் அதே நூல். தைத்தேன். பட்டை தானாக நடந்தது. மேல்பக்கம் ஒழுங்கு. எனக்கு உள்ளுக்குள் குதிரை ஓடியது. திருப்பினேன்.

கீழே நூல் முழுக்கச் சுருள் சுருளாக, புழு நெளிகிற மாதிரி. மறுபடி தைத்தேன், மறுபடியும் புழு. நூலின் இழுவையைத் திருகிப் பார்த்தேன், இன்னும் மோசம். நடுவில் ஒரு தடவை நூல் அறுந்தது.

"வேற நூலு போட்டுப் பாப்பமா தங்கச்சி? எங்கிட்ட இருக்கு" என்று பாய் உருளையை நீட்டினார்.

"என் நூலுல கொறையே வராது பாய்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். டீக்கடை ஆள் ஒருவன் "என்னக்கா, மெஷின் ஒத்துக்கிறலையா?" என்றான். "இத வச்சுச் சாக்குத்தான் தைக்கலாம்" என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது. பாய் முகத்தில் ரத்தம் இல்லை. உறையை எடுத்து மெஷினை மூடினார்.

பஸ்ஸில் தேவிபட்டினம் வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

யாரோடும் பேசவில்லை. ஆட்டுக்கறி எடுத்தார் இவர், சரியாக வேகவில்லை, அதையும் சொல்லவில்லை.

கையாலேயே தைத்துவிடலாமா? கட்டைவிரலை ஊசியால் குத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை.

மே 13, செவ்வாய்

கழுதை நான். கழுதைகூட இல்லை.

கலா வந்ததும் தொண்டித் துண்டைக் காட்டினேன், புழுவைக் காட்டினேன், பாயின் மெஷினை இன்னும் நாலு வார்த்தை திட்டினேன். அவள் துண்டைப் பார்க்கவில்லை. உருளையை எடுத்து விரலால் உருட்டினாள்.

"அக்கா, நூல் முழுக்க ஏன் இப்பிடிப் பிசுபிசுக்குது?"

"மெழுகு. தோலுக்கு மெழுகு வேணாமா?"

"கைக்கு வேணும். மெசினுக்கு எப்பிடி?" அவ்வளவுதான் கேட்டாள். திரும்பி அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குப் பொறி தட்டியது. கால் மெஷினில் மெல்லிய தோல் இரண்டு துண்டு வைத்து, அதே நூலைப் போட்டேன். புழு. அதே புழு, அண்ணன் தம்பி மாதிரி. பாபின் கேஸைக் கழற்றினேன். நூலைப் பிடிக்கிற தகட்டுக்கு அடியில் பழுப்பாக மெழுகு அப்பிக் கிடந்தது. ஒரு இடத்தில் நூலை இறுக்கி, அடுத்த இடத்தில் வழுக்கி விட்டிருக்கிறது. துடைத்தேன். மெழுகில்லாத நூல். தைத்தேன். திருப்பினேன். மேல் எப்படியோ கீழும் அப்படியே.

பத்து வருஷமாக மெஷினில் ஜாக்கெட் தைக்கிறேன், ஒரு நாளும் நூலுக்கு மெழுகு போட்டதில்லை. தோல் என்றதும் கைவேலைக்காரியின் புத்தி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கை சொன்னதைக் கேட்டு நல்ல மெஷினைச் சாக்கு தைக்கிறது என்று ஊர் கூட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கலா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிற முதுகு எனக்குத் தெரியும்.

பாய்க்குப் போன் போட்டேன். எடுத்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

மே 14, புதன்

தொண்டி, மறுபடி. இவர் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். "குடுக்கமாட்டேன்னு சொன்னா என்ன செய்வ?" என்றார். "ஆட்டோவுல கருவாடு ஏத்திட்டு வருவோம்" என்றேன்.

பாய் தலை நிமிரவில்லை. நீளக்கை மெஷினில் ஓடிக்கொண்டே இருந்தார். பெரியபட்டினத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், அவருக்குச் சொல்லிவிட்டேன் என்றார். சொல்லிவிட்டாரா, சும்மா சொன்னாரா, தெரியவில்லை.

"பாய், கொறை மெஷினுல இல்ல. நான் நூலுக்கு மெழுகு போட்டுட்டேன்."

ஓட்டம் நின்றது. "மெழுகா?"

"மெழுகுதான்."

"பாபினுலயுமா?"

"அதுலயும்தான்."

"யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்தார். பிறகு கோபம் வந்தது. வர வேண்டியதுதான். "பிஸ்மி சொல்லாம இதுல நான் கால வச்சதில்ல தங்கச்சி. இதுல தச்ச தார்ப்பாயி புயல்ல தாங்கிருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே ஒருத்தன் கேக்குறான், பாய், சாக்கு தச்சுக் குடுப்பீகளான்னு. எனக்கு எப்படி இருந்துருக்கும்?"

"மன்னிச்சிருங்க பாய்" என்றேன்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேணாம். அன்னைக்கு எங்கன நின்னு சொன்னீகளோ அங்கனயே நின்னு சொல்லுங்க. அவங்ய காதுல விழுகணும்."

எதிரே டீக்கடை. அன்றைக்கு இருந்த அதே முகங்கள், தடைக்காலம் இன்னும் முடியவில்லையே. இவர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். எனக்குக் காது வரை சூடு. வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு இந்த மெஷினச் சாக்கு தைக்கிறதுன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. நூலுக்கு மெழுகு போட்டது நானு. மெஷின் தங்கம். வேணும்ன்னா உள்ள வந்து பாருங்க, இப்பவே தைக்கிறேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். சொல்வதென்று ஆன பிறகு முணுமுணுப்பது எனக்குப் பிடிக்காது. வந்தார்கள், அத்தனை பேரும். பாயின் நூலைப் போட்டு, மூன்று அடுக்குத் துண்டில் ஒரு நீளம் ஓட்டினேன். வளைவு திருப்பினேன், ஒவ்வொரு தையலாக. நான் திருப்பிப் பார்க்கவில்லை. பாயிடம்தான் முதலில் கொடுத்தேன்.

அவர் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார், டீக்கடைக்காரர்களிடம் நீட்டினார். "தடவிப் பாருங்கடா." கைக்குக் கை மாறிப் போனது. அன்றைக்குச் சாக்கு கேட்டவனிடம் வேண்டுமென்றே இரண்டு தடவை கொடுத்தார்.

பெரியபட்டினத்துக்காரர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. விலை நான் நினைத்ததற்குள் அடங்கியது. பழைய பாபின்கள், உறை, ஒரு புட்டி எண்ணெய் சும்மா கொடுத்தார். ஏற்றும்போது மேஜையின் நாலு மூலைக்கும் பழைய தார்ப்பாய் வைத்துக் கட்டினார். "கடக்கரை ஊரு இல்லைன்னாலும் உங்கூருக்கும் உப்புக் காத்து வரும். தெனமும் உறை போடுங்க."

மெழுகு நூல் உருளையைப் பாயிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மெழுகுவத்தி செய்யட்டும்.

மே 16, வெள்ளி

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். வோல்டேஜ் குறைவு, மத்தியானம் மோட்டார் முனகுகிறது. காலையிலேயே தைத்துவிட வேண்டும்.

கலா உட்கார்ந்து ஒரு கோடு ஓட்டினாள். "அக்கா, இது நட எண்டு சொன்னா நடக்குது, நில் எண்டா நிக்குது. என்ர மகன் இப்பிடி இருந்தா!"

மே 22, வியாழன்

முதல் பட்டை முடிந்தது. திண்டுக்கல் தோல், ஆவாரம்பட்டையில் பதனிட்டது, வாசனையே வேறு. முடிச்சு எல்லாம் இரண்டு அடுக்குக்கு நடுவில் புதைத்தேன். உள்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். கட்டைவிரல்தான் சரியில்லையே, கன்னம் பொய் சொல்லாது. ஒன்றும் உறுத்தவில்லை.

இவர் பார்த்துவிட்டார். "மாட்டுக்கு முன்னாடி நீயே போட்டுக்குவ போலருக்கு." ஆமாம் என்றேன். உண்மையாகவே கழுத்தில் சுற்றி, கண்ணாடியில் பார்த்தேன். சலங்கை இன்னும் வைக்கவில்லை.

இப்படி ஒன்றை நான் இதுவரை செய்ததில்லை. சொல்லிக்கொள்ள வெட்கம் இல்லை.

மே 27, செவ்வாய்

ஜோடி முடிந்தது. கருப்பையா அய்யா வந்தார். பித்தளைக் குமிழ், சலங்கை, எதையும் பார்க்கவில்லை. நேராகத் திருப்பினார். தடவினார். மடக்கித் தடவினார்.

"பாப்பம்" என்றார். அவ்வளவுதான். பந்தயக்காரர் மாடு ஓடி முடிக்காமல் எதையும் சொல்லமாட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

பந்தயம். காலை ஐந்து மணிக்கே ஆட்டோவில் கிளம்பினோம், நான், இவர், கலா. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். மைக்கில் ஒருவர் தொண்டை கிழிய ஊர்ப் பெயரும் மாட்டுக்காரர் பெயரும் வாசித்துக்கொண்டிருந்தார். அத்தானும் வந்திருந்தார், பந்தயம் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். எங்களைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய மாட்டுப் பிரிவுதான் கடைசி ஓட்டம். போய்த் திரும்பி வரும்வரை எனக்குக் கூட்டமும் கேட்கவில்லை, மைக்கும் கேட்கவில்லை. வயிற்றில் மட்டும் சலங்கைச் சத்தம். முதலில் வந்தது வேறு ஜோடி. கருப்பையா அய்யா வண்டி இரண்டாவது. எல்லோரும் முதல் வண்டியைப் பார்க்க ஓடினார்கள். நான் இரண்டாவதை நோக்கி ஓடினேன்.

செவலை நுரை தள்ளி நின்றது. சாரதி பூட்டு அவிழ்த்தார். கருப்பையா அய்யா பட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, காளையின் கழுத்தை இரண்டு கையாலும் தடவினார், மேலிருந்து கீழே, ரோமத்துக்கு எதிராகவும். போன தடவை உரிந்த இடத்தில் புது ரோமம், ஈரமாக, அப்படியே இருந்தது. கீறல் இல்லை. அடுத்த காளை. அங்கேயும் இல்லை.

"டெய்லரம்மா" என்றார். என் தலையில் கையை வைத்து எடுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை, வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும். கலா என் கையைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் பந்தயக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள். போன தடவை செவலையின் கழுத்தைப் பார்த்தவர்கள். பட்டையைக் கேட்டு வாங்கினார்கள். சலங்கையை ஆட்டி, வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அட, அந்தப் பக்கத்த என்னத்தய்யா பாக்குறீக? உள்பக்கத்தப் பாருங்க!"

தெரிந்த குரல். அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கினார், காளையின் வியர்வையும் நுரையும் சொட்டச் சொட்ட. திருப்பினார். உள்பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினார். "ஒரு முடிச்சு தட்டுதா சொல்லுங்க. மெஷினுக்குத் தொண்டி வரைக்கும் அலைஞ்சு வாங்கியாந்து தச்சது. எங்க வீட்டுப் பிள்ள. திருப்புல்லாணி. எந்தம்பி பொண்டாட்டி."

தொண்டி வரை போனது அத்தானுக்கு எப்படித் தெரியும்? இவரைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார்.

கருப்பையா அய்யாவின் ஆள் எல்லோருக்கும் பேப்பரில் வடை கொடுத்துக்கொண்டு வந்தான். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. அத்தான் பட்டையை இடது தோளில் போட்டார், தேய்த்த அதே வலது கையால் வடையை வாங்கினார், பேசிக்கொண்டே தின்றார்.